ஒரே தொண்டை, ரெண்டு வெளிச்சம்

எப்சிபா அக்கா வீட்ல இல்ல. உக்காருங்க ராஜேஷ்குமார் அண்ணாச்சி. நான் அவ தம்பி ஜோஷ்வா, பிளஸ் ஒன். மன்னிப்புக் கடுதாசியில அவ கையெழுத்துப் போடணும், மிச்சமிருக்க படிகப் பாட்டிலத் தரணும், அவ்வளவுதான? இந்தா, காப்பி. குடிக்க மாட்டியளா? ஒண்ணும் கலக்கல. அது லேபுல உங்க வேலை.

புரியாம பேசல. சோத்துத் தட்டு முன்னால உக்காந்தாலும் அக்காவுக்கு இதே ஆராய்ச்சிப் பேச்சுத்தான். நடுவுல மாங்கனீசு, சுத்தி நாலு புரோமின், அதுக ஊடால ஆர்கானிக் மூலக்கூறு. அந்தப் படிகத்து மேல, எங்கப்பா கடையில கள்ளநோட்டு பாக்க வச்சிருக்க ஊதா லைட்ட அடிச்சா பச்சையா எரியும். அதே புரோமின், பக்கத்து மாங்கனீசுக்கும் பங்கு போட்டு, ஆறு ஆறா நெருக்கி உக்காந்துட்டுன்னா செவப்பா எரியும். ஆளு மாறல, உக்காந்த விதம் மாறிட்டு.

என் தொண்டை ஒண்ணுதான? வாயக் குவிச்சா எங்கப்பா: ஏலே, கடைச் சாவிய எங்கல வச்ச. பல்லக் கடிச்சு மூக்கால இழுத்தா உங்க ரெண்டு பேருக்கும் கைடான சாரு: எப்சிபா, பச்சைன்னு எழுதிட்டு சிவப்பைக் கொண்டுவந்து காட்டுறியேம்மா, இது ஆராய்ச்சியா, வித்தையா?

ஏன் எந்திரிக்கிய? அப்படியே சாரு கொரலாட்டம் இருக்கோ. சாரு பாடம் நடத்துன வீடியோவ போட்டுப் போட்டுப் பழகுனது.

சாயங்காலம் பச்சையா எரிஞ்ச பாட்டில அலமாரியில வச்சுப் பூட்டி, சாவிய உங்க கையிலதான குடுத்தா? மறுநாள் சாரு முன்னால அது செவப்பா எரியுது. அவதான் பாட்டில மாத்திட்டான்னு மொதல்ல சொன்ன வாயி உங்க வாயி. அவ அதத் தூக்கிட்டு வந்து மொட்டமாடி வெயில்ல வச்சா. உள்ள ஏறுன ஆவி போனதும் திரும்பப் பச்சை. சாரு காது குடுக்கல. இனிமே லேபுக்கு வராதன்னுட்டாரு. படிப்பே போச்சுன்னு எங்கம்மா தெருவுல தலகாட்ட மாட்டேங்கா. நீங்க சட்டைய மடிப்புக் கலையாம போட்டுக்கிட்டு கடுதாசி கொண்டு வந்திருக்கிய.

சரி, கோவப்படாதிய. ஒண்ணு கேக்கேன். நேத்து சாயங்காலம் சாரு உங்களுக்குப் போன் பண்ணாருல்லா, புது நம்பர்ல? எனக்கு எல்லாம் தெரியும்பா, உன் வாயால கேக்கணும்னு மூக்கால இழுத்தாருல்லா? நீங்களும் தேம்பித் தேம்பிச் சொன்னிய. மூடியத் தொறந்து, ஆவி ஏறட்டும்னு மெத்தனால் பக்கத்துல வச்சது நான்தான் சார், நெறம் மாறுறத நானே கண்டுபுடிச்சதா எழுதலாம்னு நெனச்சேன் சார்னு. சாரும் பெரிய மனசு பண்ணி, சரி விடு, சங்கரன்கோவிலுக்குப் போயி பாட்டிலயும் மன்னிப்புக் கடுதாசியில கையெழுத்தயும் வாங்கிட்டு வந்துருன்னாரு.

அந்த சாருதான் உங்களுக்குக் காப்பி போட்டது.

அக்கா வெள்ளனவே திருநெல்வேலி பஸ் ஏறிட்டா. அந்தப் பேச்சு முழுசும் அவ போன்ல இருக்கு, பாட்டிலு பையில இருக்கு. இந்நேரம் அசல் சாரு ரூமுலதான் இருப்பா.

உங்க போன் அடிக்கி, எடுங்க. என் வாயி இங்கனதான இருக்கு, பயப்படாதிய. இது நான் இல்ல.