உதடு மட்டும் அசைந்தது

— அந்தப் பேசுற மெசினை அவுரு கழுத்துகிட்ட கொண்டு போவாதீங்கம்மா, தட்டி வுட்டுடுவாரு. கடலூர்ல காட்டுனப்பவே டாக்டர் கையிலேருந்து கீழ வுழுந்துடுச்சி.

— விழுந்தா விழட்டும்க்கா, சுலபமா ஒடையாது. தட்சிணாமூர்த்தி அண்ணே, என் பேரு ஜெயராணி. பேச்சுப் பயிற்சி குடுக்குறது என் வேலை. நான் டாக்டர் இல்ல, ஊசியெல்லாம் போட மாட்டேன். என்னமோ நோட்டுல எழுதுறீங்களே, காட்டுங்க.

— என்னா எழுதுறாரு?

— நீங்களே பாருங்கக்கா.

— எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. அதானே இப்ப தலவலியே.

— அப்ப நான் படிக்கிறேன். ‘பேசுறதுக்கு நான் வரலை. இவ இழுத்துகிட்டு வந்துட்டா. பன்னெண்டரை வண்டிக்குத் திரும்பிடுவேன்.’

— போவாரு, போவாரு. இருவத்திரெண்டு வருசம் கடலூர்–சிதம்பரம் வண்டியில கண்டக்டரு. எந்த வண்டி எத்தன மணிக்குன்னு இவருக்கா தெரியாது? இன்னிக்கு இங்க செதம்பரம் வர்றப்ப வேற ஒரு பையன் ‘ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்’னு கூவிகிட்டு வரான், இவரு ஜன்னல் பக்கமே மூஞ்ச திருப்பிகிட்டாரு.

— ஆபரேசன் எப்ப நடந்ததுக்கா?

— தானே புயலுக்கு முன்ன மாசம். எட்டு மாசம் ஆவுது. புத்துநோய்னு சொல்லி தொண்டையில இருக்குற கொரல் பொட்டிய மொத்தமா எடுத்துட்டாங்க. இந்தா, இந்த ஓட்ட வழியாத்தான் மூச்சு. புயல் அன்னிக்குக் காலையில கூரை தகடு பிச்சிகிட்டு பறக்குது, நான் வெளிய மாட்டை அவுக்கப் போயிட்டேன். என்னைக் கூப்புட முடியாம உள்ளேருந்து சோத்துத் தட்ட எடுத்து தூண்ல அடிக்கிறாரு. காத்து சத்தத்துல எனக்கு எங்க கேக்கும்? அண்டையில வந்து கைய புடிச்சி இழுத்தப்பதான் பாத்தேன், அழுவுறாரு. சத்தமே இல்லாம அழுவுறாரும்மா.

— வீட்டுல யாரு நோட்டைப் படிச்சிக் காட்டுறது?

— எங்க பொண்ணு இசைவாணி, இவருக்கு இன்னமும் பாப்பாதான். இவரு எழுதுவாரு, அது படிக்கும், நான் பதில் சொல்லுவேன். சண்ட போட்டா கூட அது வாய் வழியாத்தான் போடணும். இப்ப அதுக்கு கோயமுத்தூர்ல நர்சு வேல கெடச்சிருக்கு. திங்கக்கெழம சேரணும். ‘அப்பா பேசாம நான் போவ மாட்டேம்மா, நீங்க ரெண்டு பேரும் ஊமையா ஒக்காந்திருப்பீங்க’ன்னு துணி கூட எடுத்து வைக்கல. இவரு போன்னும் சொல்லல, போவாதன்னும் சொல்லல. அது கேட்டா நோட்ட மூடிப்புடுறாரு.

— இன்னிக்கு வியாழன். சரி, அண்ணே மறுபடி எழுதுறாரு. ‘அது மெசின் பேச்சு. எல்லாருக்கும் ஒரே சத்தம். எம்பேச்சை அறுத்துக் குப்பையில போட்டாச்சு.’

— பாத்தீங்களா? இப்பிடியேதான் எழுதுறாராம்.

— அண்ணே, உங்க பேச்சை யாரும் அறுக்கல. குரலைத்தான் எடுத்தாங்க. குரல் வேற, பேச்சு வேற.

— ரெண்டும் ஒண்ணுதானம்மா?

— இல்லக்கா. காட்டட்டுமா? இந்தப் பட்டையை உங்க கழுத்துல கட்டிக்கிறேன், வலிக்காது. தொண்டைக்குள்ள என்ன நடக்குதோ அதை மட்டும் இது எடுத்துக்கும், வாயில வர்றதை எடுக்காது. இப்ப ‘ஆலமரம்’னு சொல்லுங்க. ம். ‘மீன்கொழம்பு’ன்னு சொல்லுங்க.

— மீன்கொழம்பு. இன்னிக்கு வியாழக்கெழம, கவிச்சி கெடையாது.

— போதும்க்கா. இப்ப தொண்டையில பதிஞ்சதை ஸ்பீக்கர்ல போடுறேன். மொதல்ல ஆலமரம்... அப்பறம் மீன்கொழம்பு... எது எதுன்னு தெரியுதா?

— என்னாம்மா இது, தகர டப்பாவுல வண்டு பூந்தாப்புல இருக்கு. இதா என் கொரலு?

— இதான். கம்ப்யூட்டர்ல கோடு ஓடுது பாருங்க. ஒரு செகண்டுக்கு இருநூறு தடவைக்கு மேல உங்க தொண்டையில ரெண்டு சதை சேந்து சேந்து பிரியுது.

— ஒரு செகண்டுக்கா?

— ஒரு செகண்டுக்கு. உலை வைக்கிறப்ப, மாட்டை அதட்டுறப்ப, எப்ப பேசுனாலும். ஆனா அந்தத் தொண்டைக்கு மீனும் தெரியாது, மரமும் தெரியாது. அது ஒரு உறுமலை மட்டும் மேல அனுப்புது.

— அப்ப மீன்கொழம்பு எங்கேருந்து வருது?

— கொழாயில கொடம் பிடிப்பீங்கல்ல? ரொம்பிடுச்சின்னு எப்படித் தெரியும்?

— சத்தத்துலயே தெரியுமே. மொதல்ல கொடகொடன்னு இருக்கும், போவப் போவ மெல்லிசாயி கீச்சுன்னு வரும். பாத்திரம் தேச்சிகிட்டே திரும்பிக் கூட பாக்காம மூடிடுவேன்.

— கொழாயும் அதே கொழாய், தண்ணியும் அதே தண்ணி. உள்ள காத்து இருக்குற இடம் கொறையுது, சத்தம் மாறுது. உங்க வாயும் அந்தக் கொடம்தான். நாக்கு முன்ன வந்தா ஈ, கீழ படுத்தா ஆ, உதட்டைக் குவிச்சா ஊ. அந்த உறுமல் ஒண்ணுதான், வாய்தான் அதை ஒவ்வொரு தடவையும் வேற வேறயா ஆக்குது. காது எதைக் கேக்குதுன்னா, வாய்க்குள்ள எந்தச் சத்தம் ஓங்குச்சி, எது அமுங்குச்சின்னு அதைத்தான். காதுக்குள்ள நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்குக்கா, ஒரு வேர்க்கடலை அளவுகூட இருக்காது. கீச்சு சத்தத்தை அது வாசல்லயே பிடிச்சிக்கும், தடிச்ச சத்தத்தை உள்ள கடைசியில பிடிக்கும். எல்லாத்தையும் பிரிச்சி எடுத்து, கண்ணை மூடித் தெறக்குறதுக்குள்ள ‘மீன்கொழம்பு’ன்னு சேத்துக் குடுத்துடும்.

— யாத்தே. இத்தினியும் பண்ணிகிட்டா நான் பக்கத்து வூட்டுக்காரிகிட்ட வம்பு பேசுறேன்?

— எட்டு வருசமா இதே வேலை பாக்குறேன். இன்னும் எனக்கே நம்ப முடியலக்கா. சில நாளு பஸ்ல ரெண்டு பேரு கதை பேசிகிட்டு வருவாங்க, நான் அவுங்க உதட்டையே பாத்துகிட்டு எறங்குற எடத்தை விட்டுடுவேன்.

— இந்தா பாருங்க, நீங்களும் கேக்குறீங்கல்ல? மொகத்த திருப்பாதீங்க. காது நல்லாத்தான இருக்கு?

— கேக்குறாருக்கா. நோட்டை நீட்டுறாரு. ‘இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம். நான் கூப்புட்டா ரோட்டுக்கு அந்தாண்ட டீக்கடையில இருக்குறவன் ஓடி வருவான். அதுக்கு என்ன சொல்றே?’

— அது நெசம்மா. செம்மங்குப்பம் ஸ்டாப்பிங்ல இவரு கூப்புட்டா கம்பெனி கேட்டுக்குள்ள இருக்குறவன் டிபன் பொட்டியத் தூக்கிகிட்டு ஓடியாருவான்.

— அந்தக் கூப்பாடு எப்படி வரும்? நீங்க கூப்புட்டுக் காட்டுங்கக்கா.

— எனக்கு வெக்கமா இருக்கு. ‘செதம்பரேஏஏம், செதம்பரேஏஏம்’. இப்பிடி மூக்கால இழுப்பாரு. வாயைப் பெருசா தொறக்கவே மாட்டாரு.

— ஏன் தெரியுமா? டீசல் இஞ்சின் சத்தம் தடிச்ச சத்தம், அடியில கெடக்கும். அதுகூட மல்லுக்கு நின்னா எந்த மனுசனும் தோத்துடுவான். அண்ணே என்ன பண்ணியிருக்காரு? நாக்கை ஒரு மாதிரி மடக்கி, வாயை இறுக்கி, சத்தத்தை இஞ்சினுக்கு மேல தூக்கிட்டாரு. காது எந்த இடத்துல ரொம்பக் கூர்மையா இருக்குமோ சரியா அங்க கொண்டு போய் வச்சிருக்காரு. இதை நான் மூணு வருசம் படிச்சேன்ணே. உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?

— யாரு சொல்லிக் குடுப்பா? சேந்த புதுசுல தொண்ட கட்டிகிட்டு பாலும் மொளகும் குடிச்சிகிட்டு கெடந்தாரு. அப்பறம் அதுவா வந்துடுச்சி.

— அதுவா வரலக்கா, வாய் கண்டுபிடிச்சிருக்கு. அந்த வாய் இன்னும் அவருகிட்டதான் இருக்கு. நாக்குல ஒரு தையல் கூட இல்ல. அறுத்து எடுத்தது அந்த வண்டுச் சத்தத்தை மட்டும்தான்ணே. இந்த மெசின்ல இருக்குறதும் ஒரு வண்டுதான்.

— ஐயோ, கரண்டு போச்சே.

— மணி பதினொண்ணா? இனி ரெண்டு மணி நேரத்துக்கு வராது. கம்ப்யூட்டர் கிடக்கட்டும். இது பேட்டரியில ஓடும். ஃபேன் சத்தம் இல்லாம இன்னும் நல்லாவே கேக்கும். அண்ணே, என்னைப் பாருங்க. நான் மூச்சை அடக்கிக்கிறேன், தொண்டையால ஒண்ணும் பண்ண மாட்டேன். மெசினை என் கழுத்துல வச்சிகிட்டு வாயை மட்டும் அசைக்கிறேன்.

— ஐயோ, பேசுதே. ‘புதுச்சத்திரம் எறங்கு’ன்னு சொல்லுச்சா?

— சொன்னேன். வண்டு மெசினுது, புதுச்சத்திரம் என்னுது.

— நீங்க பாத்தீங்களா? ஏன் தலய ஆட்டுறீங்க? என்னா எழுதுறாரும்மா?

— ‘மெசின்தான் பேசுச்சி. உள்ள ரெக்கார்டு பண்ணி வச்சிருப்பாங்க.’

— இருவத்திரெண்டு வருசம் டிக்கெட்டு எடுக்காதவனப் புடிச்ச ஆளு, யாரையும் நம்ப மாட்டாரு.

— அப்ப நீங்க வாங்கக்கா. உங்க பேச்சு இதுல ரெக்கார்டு ஆகியிருக்க முடியாதுல்ல? கிட்ட வாங்க. இந்த மெத்து மெத்துன்னு இருக்குற எடத்துல வைக்கிறேன். கொஞ்சம் கூசும். மூச்சை நிறுத்திக்குங்க, சத்தமே போடக் கூடாது. உதடும் நாக்கும் மட்டும் ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லட்டும்.

— என்னா சொல்லுறது?

— உங்களுக்கு எது வாயில வருதோ அது. எனக்குச் சொல்ல வேணாம்.

— சத்தம் வராதுல்ல?

— உங்க சத்தம் வராது.

— சரி. வைங்க.

— ஒண்ணு, ரெண்டு, மூணு. சொல்லுங்க.

— தட்... சணா... மூர்த்தி.

— அண்ணே, கேட்டுச்சா? அக்கா, என்ன ஆச்சு? ஏன் வாயைப் பொத்திகிட்டீங்க? ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

— ஐயையோ. இது கேக்கும்னு நெனைக்கலயேம்மா. சத்தம் வராதுன்னு சொன்னீங்களே.

— பயப்படாதீங்க. ஒண்ணும் தப்பா சொல்லலயே?

— தாலி கட்டுன நாள்லேருந்து அந்தப் பேர நான் வாயால சொன்னது கெடையாதும்மா. ரேசன் கார்டுக்குக் கேட்டா பொண்ண சொல்ல சொல்லுவேன். ஆஸ்பத்திரியில எழுதுறவங்ககிட்ட செவுத்துல மாட்டியிருக்குற சாமி படத்தக் காட்டுவேன். வெளக்கு ஏத்துறப்ப மட்டும் உதடு அசையும். சத்தமில்லாம சொன்னா சொன்னதுல சேராதுன்னு நெனச்சிகிட்டிருந்தேன்.

— எத்தனை வருசமா?

— இருவத்தி நாலு. ஆபரேசன் பண்ணுன அன்னிக்கு வெராண்டாவுல ஒக்காந்து நூறு தடவயாவது சொல்லியிருப்பேன். பக்கத்துல இருந்தவளுக்குக் கூட தெரியாது.

— அதான்க்கா, மொத தடவையே அவ்வளவு தெளிவா வந்திருக்கு. என் மொத நாளு எனக்கு ‘அம்மா’ கூட ஒழுங்கா வரல. உங்க வாய் இருவத்தி நாலு வருசமா அந்தப் பேரை முழுசா, எழுத்து எழுத்தா பேசிகிட்டே இருந்திருக்கு. வண்டு ஒண்ணுதான் இல்ல.

— கோச்சிகிட்டாரா? நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க.

— கோவம் மாதிரி தெரியலக்கா. எழுதுறாரு.

— படிங்க.

— ‘அது மெசின் இல்ல. இவ எப்படிப் பேசுவாளோ அப்படியே...’ இருங்க. இன்னும் எழுதுறாரு. ‘ஜோதிலட்சுமி, நீ...’ அண்ணே, கையை எடுங்க, மறைச்சா எப்படிப் படிக்கிறது?

— ஏம்மா, என்னா எழுதியிருக்கு? எம் பேருதான அது?

— நோட்டை மூடிட்டாருக்கா. நான் படிக்க வேணாமாம். கையை நீட்டுறாரு. மெசினைக் கேக்குறாரு.

— குடுங்க. சீக்கிரம் குடுங்க.

— இந்தாங்கண்ணே. தாடைக்குக் கீழ, இடது பக்கம். தையல் மேல வேணாம், இன்னும் கொஞ்சம் மேல. நல்லா அழுத்திப் பிடிங்க. உருண்டையா ஒரு பட்டன் இருக்குல்ல, பேசுறப்ப மட்டும் அமுக்கணும்.

— வெறும் கொர்ருன்னு வருதே.

— எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தான் வரும். மூச்சை முட்டித் தள்ளாதீங்கண்ணே, ஓட்டை வழியா இரைச்சல் போகுது. ஸ்டாப்பிங்ல கூப்புடுற மாதிரி வாயை நல்லா அசைங்க. மெதுவா. அக்கா, நீங்க அவர் உதட்டைப் பாக்காதீங்க, திரும்பிக்குங்க. காதால மட்டும் கேளுங்க.

— திரும்பிட்டேன்.

— ஜோதி... பாப்பா... ஊருக்கு... போவட்டும். நாம... பேசிக்கலாம்.