நெப்பியோலோ கசக்கத்தான் செய்யும்

ஒயின் பாட்டிலை நிற்க வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும். தக்கை காய்ந்தால் காற்று புகுந்து ஒயின் கெட்டுவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதை முதலாளி உதயசூரியனிடம் சொன்னேன், இன்ஸ்பெக்டர் மேடம்.

"நின்னா என்ன, படுத்தா என்ன? போதை ஒண்ணுதான தாயி," என்றார்.

அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவை விடுதியாக்கி வைத்திருந்தார். விருந்தினர்களுக்கு ஒயினைப் பற்றி விளக்கி ஊற்றுவது என் வேலை. கந்தர்வக்கோட்டையில் முந்திரிக்கொட்டை பொறுக்கிய குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். நாசிக் போய் ஒயின் படிப்பும் படித்தவள். அவருக்கு மட்டும் நான் "ஊத்திக் குடுக்குற புள்ள". அதையும் பொறுத்தேன். நாசிக் திராட்சைத் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்து, அவர் வாங்கி வைத்திருந்த அசல் சான்றிதழ்களைக் கேட்டபோதுதான் சிக்கல்.

"அங்கிட்டுப் போயி என்னத்தக் கிழிக்கப் போற? சர்ட்டிபிகேட்டு பீரோவுல பத்திரமா இருக்கு. கல்யாணப் பத்திரிகையோட வா, தாரேன்."

அசல் இல்லாமல் அந்த வேலை இல்லை. படித்த பெண்ணுக்குக் கோபம் வந்தால் கத்துவாள் என்று நினைக்கிறார்கள். நான் பாடத்தைப் புரட்டினேன்.

மகிழ்ச்சியான நாட்கள் அவை. நியூசிலாந்தின் வெள்ளை ஒயின் சாவின்யான் பிளாங்க், வெட்டிய புல் வாசம், வெள்ளை மனசு. எதையும் மறைக்கத் தெரியாது. பர்கண்டியின் பினோ நுவார் பூஞ்சை உடம்புக்காரி, ஒன்றும் தாங்க மாட்டாள். நாசிக் ஷிராஸ் தைரியசாலிதான், ஆனால் நம் நாட்டுச் சரக்கு என்று முதலாளி வாயில் வைக்க மாட்டார். கடைசியில் இத்தாலியின் வடமேற்கு மலைச்சரிவில், மூடுபனி இறங்கும் காலத்தில் பழுக்கும் நெப்பியோலோ திராட்சையின் ஒயினுக்கு வந்து சேர்ந்தேன். பார்க்கச் சாது, குடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும். கசப்பு அதற்குக் குறையில்லை, குலப்பெருமை.

சம்பவத்தன்று சாயங்காலம், ஒயின் இறக்குமதி செய்யும் ஜெரால்டு சென்னையிலிருந்து வந்திருந்தார். வாயில் சுழற்றிவிட்டு வாளியில் துப்பிவிடுங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். சுவை பார்ப்பவர்களின் வழக்கம் அது. ஜெரால்டு பழகியவர், அழகாகத் துப்பினார்.

முதலாளி துப்பவில்லை. துப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"காசு குடுத்து வாங்குனதத் துப்புறதுக்கு நான் என்ன வெத்தலையா போட்டுருக்கேன்?" என்றவர் முகத்தைச் சுளித்தார். "கசக்குதே தாயி."

"நெப்பியோலோ கசக்கத்தான் சார் செய்யும். வெவரம் தெரிஞ்சவங்க அதுக்குத்தான் குடிக்கிறாங்க."

ஜெரால்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார். ஊற்றினேன். துப்பிவிடச் சொல்லி மறுபடியும் சொன்னேன், ஜெரால்டே சாட்சி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதலாளியை எழுப்ப முடியவில்லை.

ஜெரால்டுக்கு நாக்கு மரத்துப்போனதோடு சரி என்றீர்கள். சந்தோஷம். பாடத்தை ஒழுங்காகக் கவனித்தவர்.

சான்றிதழுக்காகவா இப்படிச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். அவை என் பையில்தான் இருக்கின்றன மேடம். அன்று மத்தியானமே முதலாளியின் மனைவி பிரகதீஸ்வரி அக்கா பீரோவைத் திறந்து எடுத்துத் தந்துவிட்டார்.

"அவருக்குத் தெரியாம வெரசாக் கெளம்புடி. நாசிக் போயி நல்லா இரு," என்றார்.

கிளம்பியிருப்பேன். ஆனால் காலையிலேயே பாட்டிலைத் திறந்து, கலக்க வேண்டியதைக் கலந்து, காற்றாட வைத்திருந்தேன். அவ்வளவு நல்ல ஒயினைக் கீழே கொட்ட எனக்கு மனசு வரவில்லை.