முறைக்கு ஒரு இன்டர்வியூ

— நாலாவது கேள்வி, டுவேன். ‘தொடர்ந்து தோற்கும் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் அணியை எப்படி நிமிர்த்துவீர்கள்?’

— தாளப் பாத்தே கேக்குறியே கிரெய்க். என் மூஞ்சியப் பாத்துக் கேளேன்.

— எல்லாம் முறைப்படி நடக்கணும்ப்பா. தேர்வுக் குழு குடுத்த கேள்வி. வர்ற எல்லாருக்கும் இதே கேள்விதான்.

— எல்லாரும்னா எத்தனை பேரு?

— அதை எப்படிச் சொல்றது? இந்தக் காலேஜோட விளையாட்டு டைரக்டர் நான். நானே வெளிய விட்டா நல்லாருக்குமா?

— சரி, எழுதிக்கோ. அக்டோபர்ல பழைய கோச்ச நீ வீட்டுக்கு அனுப்பினப்ப ஏழு ஆட்டம் முடிஞ்சிருந்துச்சு, ஏழும் தோல்வி. மிச்ச அஞ்சுக்கும் தற்காலிகமா என்னை நிக்க வச்ச. மூணு ஜெயிச்சோம். பெருசா ஒண்ணும் பண்ணல. விடியக்காலம் அஞ்சரை மணிப் பயிற்சிய எட்டு மணிக்கு மாத்தினேன். தூங்கி எழுந்தவன் பந்தப் புடிக்கிறான், அவ்வளவுதான்.

— நல்ல பதில். எழுதிட்டேன்.

— எழுதல. பேனா மூடியே இன்னும் தெறக்கல நீ.

— ஞாபகம் வச்சுக்குவேன் பாரு. அஞ்சாவது கேள்வி...

— இரு. சனிக்கிழமை எங்க போயிருந்த?

— எங்கயும் போகல, வீட்லதான். கூரைத் தண்ணிக் குழாய்ல இலை அடைச்சுக்கிச்சு. அன்னிக்குப் பூரா அதோட மல்லுக்கட்டினேன்.

— நம்ம டீமுக்குப் பணம் குடுக்குற சிமென்ட் கம்பெனி ஹோல்ம்குவிஸ்ட் இருக்காரே, அவரோட சின்ன விமானம் காலைல நம்ம ஊர்ல ஏறி அமரில்லோவுல எறங்கியிருக்கு. மூணு மணி நேரம் நின்னுட்டுத் திரும்பியிருக்கு.

— அவர் விமானம், அவர் எங்க வேணா போவாரு.

— அவரு அன்னிக்கு சர்ச்சுல பான்கேக் சுட்டுக்கிட்டிருந்தாரு. என் தட்டுலயே மூணு வச்சாரு.

— விமானத்தப் பத்தி யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? டிசம்பர் வந்து ஆட்டமெல்லாம் முடிஞ்சா ரசிகனுங்களுக்கு வேற என்ன வேலை? எந்தக் காலேஜுக்கு நன்கொடை குடுக்குறவன் விமானம் எங்க எறங்குது, அங்க எந்தக் கோச் இருக்கான்னு விமான நம்பர வச்சுப் போன்ல தேடிக்கிட்டே இருப்பானுங்க. போன தடவை உன் வீட்டு சோபாவுல உக்காந்து நாமளே பாத்தோம். இந்தத் தடவை சாப்பாட்டு மேசைல என் பொண்ணு போன்ல காட்டினா.

— கார்லயே போயிருக்கணும்.

— அதுதான் உனக்கு வருத்தமா?

— இல்லடா. வெக்கமா இருக்கு. உனக்கு எதிர்ல உக்காரவே கூசுது.

— அப்ப முடிஞ்சிடுச்சு.

— முடிஞ்சிடுச்சு. கெஸிங்கர்னு ஒருத்தன், அமரில்லோவுல கோச்சா இருக்கான். முப்பத்தெட்டு வயசு. ஏர்போர்ட் ஓட்டல்ல வச்சுப் பேசினோம். யோசிச்சுச் சொல்றேன்னு போனவன், நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டான். நாளைக்கு அறிவிக்கிறோம்.

— பெறகு எதுக்கு இன்னிக்கு என்னை கோட்டு போட்டு வரச் சொன்ன?

— காலேஜ் விதியில இருக்குப்பா. இங்கயே வேலை பாக்குற ஒருத்தரையாவது கூப்பிட்டுப் பேசியிருக்கணும். இல்லேன்னா நியமனம் செல்லாது. அவசரத்துல எல்லாருமே அத மறந்துட்டோம். பாரு, இந்தத் தாள்ல வெள்ளிக்கிழமைன்னு தேதி போட்டு, கீழ நீ ஒரு கையெழுத்து...

— வெள்ளிக்கிழமையே என்கிட்ட பேசிட்டதா.

— கேக்கவே நாக்கு எழும்பல எனக்கு. படிக்கிறப்ப நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தோம். முட்டி ஒடஞ்சு கெடந்தப்ப என்னைக் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போனவன் நீ. பேரு தெரிஞ்ச ஆளுதான் வேணும்னு ஹோல்ம்குவிஸ்ட்டும் மத்தவங்களும் ஒத்தக்கால்ல நின்னாங்க. அவங்க நின்னா என்ன, நான் எதுத்துப் பேசியிருக்கலாம். உனக்காக ஒரு வார்த்தை பேசல. வாயத் தெறக்கவே இல்ல. அதான் உண்மை.

— வீட்ல மார்லிஸ் காலைல இந்த கோட்ட இஸ்திரி போட்டுக் குடுத்தா. வேலை கெடைக்காட்டியும் கசங்கிப்போய் நிக்காதன்னா.

— கெடைக்காதுன்னு மார்லிஸுக்குத் தெரியுமா?

— தெரியும். புதுசா வர்றவன் தன் ஆளுங்களத்தான் கூட்டிட்டு வருவான், பதினாறு வருஷம் வேலை பாத்த எடத்துல எனக்கு நாற்காலி இருக்காதுன்னும் தெரியும். வீட்ட விக்கணுமே, பொண்ணு படிப்பு முடியிற வரைக்குமாவது தள்ளிப்போடலாமான்னு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கா. பேனாவக் குடு.

— நீ ஒண்ணும் போட வேணாம். வேற வழி பாத்துக்கறேன்.

— வேற வழி இருந்தா என்னைக் கூப்பிட்டிருக்க மாட்ட. குடு.

— திட்டிடு டுவேன். ரெண்டு அறை வேணாலும் குடு. இப்படி அமைதியா போடாத.

— போட்டாச்சு. வெள்ளிக்கிழமைதான் தேதி. சரியா இருக்கா பாத்துக்கோ.

— கெஸிங்கர்கிட்ட நான் பேசுறேன். உன்னை அவன்கூடவே வச்சுக்கச் சொல்றேன். என் பேச்சத் தட்ட மாட்டான்.

— நீ ஒண்ணும் பேச வேணாம். நேத்து மத்தியானம் அவனே எனக்குப் போன் பண்ணினான். கையெழுத்துப் போட யோசனையா இருக்கு, உங்க டைரக்டர நம்பிப் பொண்டாட்டி புள்ளைங்களோட குடி வரலாமான்னு கேட்டான். தாராளமா நம்பி வான்னு சொன்னேன்.