பென்டிரைவில் வந்த பொருத்தம்

எங்கள் கடையில் ஜெராக்ஸ் தெளிவாக இருக்கும், மேடம். செஞ்சியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைக்குப் போகிற வழியில் இருக்கிறது கடை. உங்கள் ஸ்டேஷனுக்கே எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்திருக்கிறோம். கொடுத்திருக்கிறோம் என்றால், தங்கச்சி பூங்குழலி எடுப்பாள், நான் கொடுப்பேன்.

அவளை யாரோ கடத்திவிட்டதாகக் காலையில் புகார் கொடுத்தவன் நான்தான். இப்போது அவளே மாலையும் கழுத்துமாக வளவனோடு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கடத்தப்பட்டவளின் முகம் அது இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். "வேற சாதியாய்யா?" என்று கேட்டீர்கள். இல்லை, எங்கள் ஆட்கள்தான். "பையன் சரியில்லையா?" தங்கமான பையன், அனந்தபுரத்தில் சொந்த வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "அப்பறம் இன்னாதான்யா உனுக்குத் தடை?" என்றீர்கள். ஆன்டிவைரஸ், மேடம். முறைக்காதீர்கள், பொறுமையாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஜனம் கூடும். அன்றைக்கு அவலூர்பேட்டை ஜோசியர் விநாயகம் எங்கள் கடையில் உட்கார்ந்து கல்யாணப் பொருத்தம் பார்ப்பார். ஜோசியப் புரோகிராம் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏற்ற மாட்டார், யாராவது காப்பி அடித்துவிடுவார்கள் என்று பயம். பென்டிரைவைச் செருகி அதிலிருந்தே ஓட்டுவார். வெளியிலிருந்து வந்த ஒன்று அப்படி ஓடினால் ஆன்டிவைரஸுக்குச் சந்தேகம் வந்துவிடும். உள்ளே இருக்கிற பைல்களை ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிக்கும். மண்டப வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் பத்திரிகையைக் காட்டு என்று கேட்டால் பந்தி எப்போது நடக்கும்? அந்தக் கதைதான்.

'இது தெரிந்த பென்டிரைவ், விடு' என்று செட்டிங்கில் ஒரு டிக் போட்டால் போதும். பேனர் அடிப்பவர் கொண்டுவரும் பென்டிரைவுக்குப் போட்டிருக்கிறேன், இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கும் போட்டிருக்கிறேன். ஜோசியருக்கு மட்டும் போடவில்லை. முதலில் அது வெறும் சோம்பல்தான், சத்தியமாக.

பூங்குழலிக்கு முதல் வரன் வந்த வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கு வந்தார்கள். பத்தரைக்கு ராகு காலம். பொருத்தத் தாள் அதற்குள் கைக்கு வந்தாக வேண்டும். அவள் சந்தனக் கலர் புடவை கட்டி, காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பத்தரை தாண்டியதும் மாப்பிள்ளையின் அத்தை எழுந்தாள். "பொண்ணு பேரைச் சொன்னதும் மிஷினே நின்னுபோச்சு. ஆரம்பமே தடங்கலா இருக்குது, வாங்க போலாம்." போய்விட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். அப்பாடா என்று இருந்தது. அதைப் பாசம் என்று புரிந்துகொண்டேன்.

நீங்களே யோசியுங்கள், மேடம். கல்யாணமாகிப் போனால் விடியுமுன் எழ வேண்டும், எல்லாருக்கும் ஆக்கிப் போட வேண்டும், ஓயாமல் உழைக்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஐந்து மணிக்கு எழுந்து எனக்கு வெந்நீர் போட்டு, இட்லி ஊற்றி வைத்து, கடையைத் திறந்து டைப் அடிக்க உட்கார்ந்தாளானால், மத்தியானம் சோறு வடிக்கப் போகும்வரை எழுந்திருக்கவே வேண்டாம். மகாராணி மாதிரி நாற்காலியிலேயே இருக்கலாம்.

அதனால் அடுத்த வரன் வந்தபோது ஆன்டிவைரஸை முழுச் சோதனைக்கு மாற்றி வைத்தேன். மற்ற வீட்டுப் பெண்களுக்குப் பார்க்கும்போது அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பேன். அவர்கள் பாவம் எனக்கு எதற்கு? இந்த முறை திரையில் சிவப்புப் பெட்டி ஒன்றும் வந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, "ஆபத்துன்னு போட்டிருக்குதேய்யா" என்றார். நானும் எட்டிப் பார்த்து, ஆமாம் என்றேன்.

மூன்றாவது வரனும் போன அன்று பூங்குழலி அழுதாள். "என் ஜாதகத்துலதான் இன்னாவோ கோளாறு இருக்குதுண்ணா. உனுக்குத்தான் பாரமாயிட்டேன்" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். அப்போதே அந்த டிக்கைப் போட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் பட்டா மனு அடிக்க ஒரு ஊரே வருவதாகச் சொல்லியிருந்தது.

நான்காவதாக வந்தவன்தான் வளவன். எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தபோது இவன் மட்டும் திரையின் மூலையில் ஆன்டிவைரஸ் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று வீட்டாரோடு கிளம்பிப் போனவன், மறுநாள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். ஒரு மனுஷனுக்கு எத்தனை ஆதார் ஜெராக்ஸ் வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். "உங்க ஜாதகத்துல ஒண்ணும் இல்லீங்க. உங்கண்ணன் வெச்ச செட்டிங்லதான் இருக்குது" என்று அவளிடம் சொன்னானாம். அவள் திறந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நானே போட்டுக்கொண்டேன்.

இன்று காலை நான் வெந்நீருக்காகக் காத்திருந்த நேரத்தில், அவள் கடையைத் திறந்து, ஜோசியரைச் சீக்கிரமே வரவழைத்து, டிக்கையும் போட்டுவிட்டாள். "கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுச்சும்மா" என்று அவரே ஆடிப்போய்விட்டாராம். பத்துக்கு ஒன்பது பொருத்தம். "மிஷின் மேல தப்பில்ல, மச்சான் மேலதான்" என்று வளவனின் அம்மாவே தாலியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். சிங்கவரம் கோயிலில் ராகு காலத்துக்கு முன்பே முடித்துவிட்டார்கள்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். நான்கு வரன்களையும் கெடுத்தவன் நான்தான். கடைசி மூன்றை வேண்டுமென்றே கெடுத்தேன். எல்லாம் அவளுடைய நல்லதுக்காக. எனக்கென்று இதில் ஒரு சுயநலமும் கிடையாது. புகாரை இப்போதே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அதை டைப் அடித்துக் கொண்டுவர வேண்டும் என்று ஏட்டம்மா சொல்கிறார். எனக்கு டைப் வராது. பூங்குழலியைக் கொஞ்சம் எழுந்து கடைவரைக்கும் வரச் சொல்லுங்கள், மேடம். பத்து நிமிஷ வேலைதான். மாலையைக்கூடக் கழற்ற வேண்டாம்.