சர்ச்சில் மட்டும் சத்தம் குறையும் கிட்டார்

ஒடுகத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பியின் மடியில் ஸ்டீல் கிட்டார்ப் பெட்டி. அவன் வலதுகால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

“இன்னாடா, திரும்பவும் ரிப்பேருக்கா?”

“கடையில நல்லாத்தான் கேக்குதுக்கா. சர்ச்சுலதான் திடீர்னு சத்தம் கம்மியாயிடுது. வயர் மாத்தியாச்சு, வால்யூம் பெடலைக் கழட்டித் தொடச்சாச்சு. ஒரே பேஜாரு.”

“எல்லாப் பாட்டுலயுமா?”

“இல்ல. கொயர்ல ஜெனிபர் தனியா பாடுறப்ப மட்டும்.”

“பெடலை மிதிச்சாத்தான சத்தம் வரும்?”

“ஆமா.”

“அவ கொரலைக் கேக்கணும்னு நீதான்டா மெதுவா காலை எடுத்துடுற.”

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

“அவளுக்குத் தெரியுமாக்கா?”

“சர்ச்சுக்கே தெரியும்.”