பாதையில் மட்டும் பேசும் ஊர்

நேரம் கடந்தும் என்னை மேடையேற்றிய அவைத்தலைவர் இங்கெபோர் அம்மையார் அவர்களே! வரைபடத்தோடும் ஒரு தட்டு வாஃபிள் அப்பத்தோடும் வந்திருக்கும் கட்டுமான நிறுவனத்து இளைஞர் ஸ்தூர்லா அவர்களே! பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கைக்குழந்தையைத் தோளில் சாய்த்து நிற்கும் தாய்மார்களே! என்னிடம் கணக்குப் படித்து, இன்று எனக்கே கணக்குச் சொல்லும் நகரமன்ற உறுப்பினர்களே! அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

திரானமிரா என்னும் நம் ஊர்த் திறந்த வெளியில் அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன. அங்கே தொடங்கும் காட்டுப் பாதை, தார் போட்ட நடைபாதையாக மாறப்போகிறது. "பாதையை எடுக்கலையே சார், அகலமாத்தானே ஆக்குறோம்?" என்று கேட்டார் ஸ்தூர்லா. நியாயமான கேள்வி. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

என் எதிர்வீட்டுக்காரர் தோர்கெல். ஒரே மாடி, ஒரே படிக்கட்டு. மனைவி மறைந்தபின் நான் தனி. அவர் என்றுமே தனி. வெளியே கிளம்பும்போது நான் என்ன செய்வேன்? கதவுத் துளையில் கண் வைப்பேன். அவர் நின்றால் நானும் உள்ளே நிற்பேன். அவர் காலடி ஓய்ந்த பிறகே கதவைத் திறப்பேன். யார் அங்கே சிரிப்பது? ஏன், உங்கள் கதவில் துளை இல்லையா?

அதே தோர்கெல் காட்டுப் பாதையில் எதிரே வந்தால்?

"என்ன வாத்தியாரே, இருக்கிற வெயிலையெல்லாம் நீங்களே பிடிச்சு வச்சிட்டீங்க போல!"

"உங்களுக்கும் கொஞ்சம் விட்டு வச்சிருக்கேன், உக்காருங்க."

விழுந்த மரத்தில் அமர்ந்து ஆரஞ்சு உரிப்போம்.

"உங்க காப்பி கழனித்தண்ணி மாதிரி இருக்கு."

"அப்ப எதுக்குங்க ரெண்டாவது கோப்பை?"

"கழனித்தண்ணிதானான்னு உறுதி பண்ணிக்கத்தான்!"

அன்று மாலை படிக்கட்டில் எதிர்ப்பட்டால், முகம் பார்க்காமல் இருவரும் தபால் பெட்டியை உற்றுப் பார்ப்போம்.

இதுதானே நம் வழக்கம்? தெருவில் தெரியாதவரை வணங்கினால் பித்தன்; காட்டுப் பாதையில் வணங்காமல் போனால் பண்பற்றவன். காலுக்கடியில் மண் இருந்தால் நமக்கு வாய் திறக்கிறது. தார் இருந்தால் மூடிக்கொள்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள். பள்ளியில் நாற்பது ஆண்டு பாடம் நடத்தியவனுக்கும் இதற்கு விடை தெரியாது.

சென்ற இலையுதிர் காலத்தில் மண் சோதனைக்காகப் பாதையை அடைத்தார்கள். நான் சாலையோரம் நடந்தேன். எத்தனை பேர் எதிரே வந்தார்கள்! எத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள்? ஒரு மாலை பேருந்தில், அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் இயந்திரக் குரலுக்கு "நன்றிங்க" என்றேன். பிறகுதான் உறைத்தது, அன்று நான் பேசிய முதல் சொல் அது. முந்தின நாள் யாரிடமாவது பேசினேனா? நினைவில்லை.

"பொது அறை ஒண்ணு கட்டித் தர்றோமே சார்!" என்கிறார் ஸ்தூர்லா. நன்றி தம்பி. எங்கள் கட்டடத்திலும் ஒன்று உண்டு. அதில் சைக்கிள்கள் குடியிருக்கின்றன. தங்களுக்குள் நன்றாகவே பழகுகின்றன.

"அப்ப நாங்க வீடு இல்லாமலே இருக்கணுமா?" என்று கேட்கிறார் ஒரு தாய். இல்லை அம்மா. ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். கட்டட்டும்! மூடிக் கிடக்கும் மரப்பட்டறைப் பக்கமாகத் தள்ளிக் கட்டட்டும். ஒரு மாடி கூட்டிக் கட்டட்டும்! கார்களுக்கு ஒதுக்கியதில் கொஞ்சம் குறைக்கட்டும். வெளியின் நடுவே மட்டும் மண்ணை மண்ணாக, மரத்தை மரமாக, பாதையைப் பாதையாக விடட்டும்!

எனக்காகக் கேட்கிறேனா? எனக்காகவும்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்தப் புதிய வீடுகளுக்கும் வயதாகும். பிள்ளைகள் வளர்ந்து போவார்கள். ஒரு வீட்டில் ஒருத்தி மிஞ்சுவாள். ஒற்றை உருளைக்கிழங்கை வேகவைத்து, உட்காரக்கூட மனமின்றி, அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. அன்று நான் இருக்கமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தாங்கமாட்டாமல் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வருவாள். எங்கே போவாள்? சொல்லுங்கள், எங்கே போவாள்?

எதிரே வரும் யாரோ ஒருவர், "இன்னிக்குக் குளிர் ஜாஸ்திங்க" என்று சொல்ல வேண்டும். "ஆமாங்க" என்று அவள் சொல்ல வேண்டும். நகரமன்றமே, அந்த ஒரு சொல்லுக்கு இடம் கேட்கிறேன். ஒரே ஒரு சொல்லுக்கு!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வாசலில் பனி வழுக்குகிறது, பார்த்துப் போங்கள். வணக்கம்.