நீன்கேயின் குமிழிகள்

நீன்கேயின் மனநிலை பற்றிப் பேசக் கூடிய அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்: பேராசிரியர் தெர்ப்ஸ்ட்ரா, பல்கலைக்கழக மருத்துவர், ஆராய்ச்சி மாணவி நீன்கே, அவளுடைய அக்கா ஹில்யே, நான். காபி ஊற்றியது நான். ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினேன்.

க்ரோனிங்கன் நகரில் எங்கள் ஆய்வகத்தில் செயற்கைச் செல்கள் செய்கிறோம். கொழுப்பாலான நுண்குமிழிகள், உள்ளே ஒளிரும் சாயம். சவ்வில் நீன்கே ஒரு புரதத் துளையைப் பொருத்துவாள். சாயம் அதன் வழியாக வெளியேறும். அடர்ந்த இடத்திலிருந்து அடர்த்தி குறைந்த இடத்துக்குப் போவது மூலக்கூறின் இயல்பு, யாரும் தள்ள வேண்டியதில்லை. ஆனால் துளை பொருத்தாத குமிழி கசியக் கூடாது. கசிந்தால் சோதனையே செல்லாது.

நானும் அங்கே முனைவர் பட்டத்துக்கு வந்தவன்தான். என் குமிழிகள் எல்லாம் கசிந்தன. பாதியில் விட்டுவிட்டு அங்கேயே கண்ணாடிக் குடுவைகள் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். இந்தக் கண்ணாடிக்குச் சோப்பு ஆகாது. கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலும் சவ்வு பொத்தலாகிவிடும்.

நீன்கேயின் குமிழிகள் முதல் வாரமே கசியாமல் நின்றன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பட்டம் வாங்கினால் போய்விடுவாள். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். அதனால் அவள் குடுவைகளை மட்டும் சோப்பு நீரில் முக்கி, அலசாமல் உலர்த்தினேன்.

"என் கைதான் சரியில்லையா ரூர்ட்?" என்பாள்.

"விடு, எனக்கும் இப்படித்தான் கசிஞ்சுது."

அது இருவருக்கும் ஆறுதலாக இருந்தது.

பிறகு, யாரோ தன் குடுவைகளில் கைவைப்பதாகச் சொல்ல ஆரம்பித்தாள். "ஆமா, ராத்திரி குட்டிச்சாத்தான் வந்து நக்கிட்டுப் போகுது" என்று பேராசிரியர் சிரித்தார். புதுக் குடுவைகள் வாங்கினாள். அவையும் முதலில் என் தொட்டிக்குத்தான் வரும். நிறுத்தலாம் என்று நினைத்தேன். நிறுத்தினால் ஒரே நாளில் எல்லாம் சரியாகி, எல்லோரும் என் தொட்டியைப் பார்ப்பார்கள். அவளுக்குத் தூக்கம் போயிற்று. அக்கா வைத்த சூப்பைக்கூட முகர்ந்துவிட்டுக் கொட்டினாள்.

கூட்டத்தில் மருத்துவர் என்னைக் கேட்டார்: "அந்தக் கண்ணாடிய வேற யாராவது தொடுறாங்களா?"

"இல்லைங்க. நான் மட்டுந்தான்."

"அப்போ யாருடி? பேயா?" என்றாள் ஹில்யே.

"ரூர்ட்டை இதுல இழுக்காதக்கா. நான் சொல்றத நம்புறவன் அவன் ஒருத்தன்தான்."

நான் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னேன்.

அவளை மனநல விடுதியில் சேர்க்கச் சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அங்கே அவள் பையைத் தூக்கிப் போனதும் நான்தான். வாசலில், "ஞாயித்துக்கிழம வருவேல்ல?" என்றாள்.

"எல்லா ஞாயிறும் வருவேன்."

இனி யாரும் அவளுக்குத் தொந்தரவு தர முடியாது என்று நிம்மதியாக இருந்தது. தாதி அவளை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திப் பூட்டினார்.